அம்மா சனிக்கிழமைகளில் போன இடம்

ஆஸ்டின் டவுன், பெங்களூர்
19.1.2004

அன்புள்ள தருணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் முருகன் புண்ணியத்தில் சௌக்கியம். அங்கே மெல்பர்னில் நீயும் தர்ஷினியும், இன்னும் முகம் காட்டாத அந்த மூன்றாவது ஆளும் சௌக்கியம்தானே. பொங்கல் நல்லபடியாக ஆயிற்று. பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது, அப்பா அதைத் தானே பொங்க வைத்த மாதிரி தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். தர்ஷினிக்குக் கால் வீக்கம் என்று சொன்னாயே, உப்பைக் குறைக்கச் சொல், உட்காரும்போது காலைத் தொங்கப் போட வேண்டாம், ஒரு முக்காலி வாங்கிக் கொடு. டாக்டரிடம் போகும்போது நீயும் கூடப் போ, வேலை வேலை என்று அவளைத் தனியே அனுப்பாதே. வாரம் தவறாமல் ஃபோன் செய்கிறேனே, இந்தக் கிழவிக்கு எதற்கு இப்போது நாலு பக்கக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய். உன் குரல் கொஞ்சம் மாறினாலும் எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான். உட்கார்ந்து நிதானமாகப் படி.

நீ ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் கூப்பிடும்போது அப்பாதான் எடுப்பார். அம்மா எங்கே என்று கேட்டால் கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்பார். நீயும் நம்பி ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிடுவாய். இரண்டரை வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. தருண், நான் எந்தக் கோயிலுக்கும் போகவில்லை. காலேஜுக்குப் போகிறேன். இன்டீரியர் டிசைன் மூன்று வருஷ டிப்ளமோ, 2001 ஜூலையில் சேர்ந்தேன், வாரத்துக்கு ஐந்து நாள் வகுப்பு, அதில் சனிக்கிழமையும் உண்டு. இப்போது கடைசி வருஷம். வகுப்பில் முப்பத்தொரு பேர், அதில் முப்பது பேருக்கு வயது இருபதைத் தாண்டவில்லை, முப்பத்தோராவது ஆளுக்கு நாற்பத்தேழு. போன வருஷம் வகுப்பில் இரண்டாவதாக வந்தேன். இதை எழுதும்போதே எனக்கு முகமெல்லாம் சிரிப்பாக வருகிறது. அப்பா எதிரில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பையனுக்குக் கடுதாசி எழுதறியா சிரிப்பு துணுக்கு எழுதறியா என்று கேட்கிறார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி இதை ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். உனக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது. நீ மெல்பர்னுக்குப் புறப்படுவதற்கு முந்தைய வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். நான் பேப்பரில் வந்த காலேஜ் விளம்பரத்தைக் காட்டி, பி.யு.சி. படித்தவர்கள் சேரலாமாம், வயது வரம்பு இல்லையாம், சேரட்டுமா என்று கேட்டேன். நீ சாம்பாரைப் பிசைந்துகொண்டே, ஏம்மா, ஹால்ல சோபாவை நகர்த்திப் போடறதுக்கு ஒரு டிப்ளமோவா என்று சொல்லிச் சிரித்தாய். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். உள்ளே சுருக்கென்றது. நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் வலித்தது வலித்ததுதான். அதனால் முதலில் தேறுகிறோமா என்று பார்ப்போம், பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். முதல் வருஷம் தேறினேன், அப்போது உன் கல்யாணம் வந்துவிட்டது. நீ வந்திருந்த இருபது நாளும் என் டிராயிங் போர்டு பீரோவுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. காலேஜில் என் பையனுக்கே கல்யாணம் என்று லீவு கேட்டபோது பக்கத்தில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் நாள் ஆக ஆகச் சொல்வது கஷ்டமாகிவிட்டது. எல்லாவற்றையும்விட, அம்மாவுக்கு இப்போது பக்தி அதிகமாகிவிட்டது என்று நினைத்து சுலோகம் கேட்க நீ ஒரு சி.டி. பிளேயர் அனுப்பினாயே, அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த அட்டைப்பெட்டி நல்ல கெட்டி அட்டை, அதை வெட்டித்தான் இரண்டாம் வருஷ மாடலுக்குச் சுவர் நிறுத்தினேன். சாமி மன்னிக்கட்டும், நீயும் மன்னித்துவிடு.

முதல் ஆறு மாதம் பட்ட பாட்டை எழுதினால் இன்னொரு கடிதம் ஆகும். நீ விட்டுப்போன கம்ப்யூட்டரில்தான் படம் வரையப் பழகினேன். எலியைப் பிடிக்கத் தெரியாமல் கோடு எங்கோ போகும், அந்தப் பேப்பரில் மட்டும் ஒரு தடவை ஃபெயிலும் ஆனேன். ஸ்னேஹா என்று ஒரு பெண், ஜெயநகரில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம், பக்கத்து நாற்காலி, அவள்தான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். பதிலுக்கு என் டப்பாவில் இருக்கும் புளியோதரை பாதி அவளுக்கு. முதலில் ஆன்ட்டி என்றாள், ஒரு மாதத்தில் வனஜா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள், எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. ஒரு தடவை பல் டாக்டர் கிளினிக் ஒன்றுக்கு வரைபடம் போடச் சொன்னார்கள். நான் எல்லாம் சரியாகப் போட்டு, பழக்க தோஷத்தில் ஈசானிய மூலையில் ஒரு பூஜை அறையும் போட்டுவிட்டேன். எங்கள் மேடம் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, டென்டிஸ்ட் கிளினிக்கில் யார் கும்பிடப் போகிறார்கள் என்றார். பல் பிடுங்கிக்கொள்ள வருகிறவர்தான் என்று சொன்னேன். வகுப்பே சிரித்தது, மேடமும் சிரித்தார், மார்க்கை மட்டும் குறைத்துவிட்டார்.

போன கோடையில் ஆறு வாரம் ஓர் ஆபீஸில் பயிற்சி. புதிதாகக் கட்டிய ஃபிளாட் ஒன்றில் சமையலறை வேலை நடக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள். அங்கே மர வேலை செய்கிற கோவிந்தப்பா என்னைப் பார்த்ததும் வீட்டுக்காரரின் அம்மா என்று நினைத்து, அம்மா, ஸ்வல்ப காபி சிக்குத்தா என்று கேட்டார். காபி அப்புறம், முதலில் அடுப்புக்கு மேலே இருக்கிற அந்த அலமாரிக் கதவைக் கழற்றுங்கள் என்று நானும் கன்னடத்திலேயே சொன்னேன். டிராயிங்கில் இருக்கிறபடிதான் அடித்திருக்கிறேன் என்று அவர் வாதாடினார். டிராயிங்கில் அப்படித்தான் இருந்தது, அதைப் போட்டது எங்கள் ஆபீஸ்தான். நான் அடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் நின்று, கதவைத் திறந்து, நேராக என் நெற்றியில் மோதிக்காட்டினேன். நல்ல சத்தம் வந்தது. உங்களுக்கு இது இடிக்காது கோவிந்தப்பா, நீங்கள் அடுப்புக்கு முன்னால் நிற்கப் போவதில்லை, இந்த வீட்டில் சமைக்கப் போகிறவள் கையில் கொதிக்கிற குழம்போடு இடித்துக்கொள்வாள் என்றேன். அவர் ஸ்குரூடிரைவரை எடுத்தார். கதவு இப்போது பக்கவாட்டில் தள்ளித் திறக்கிறது. மறுநாளிலிருந்து நான் அவருக்கு மேடம். ஆபீஸ்காரர்களும் விஷயத்தைக் கேள்விப்பட்டு, படிப்பு முடிந்ததும் எங்களிடமே வந்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆகஸ்டில் சேர வேண்டும். ஜூனியர் டிசைனர். இருபத்தாறு வருஷமாகப் பாத்திரம் பண்டத்தோடு இடித்துக்கொண்டது எனக்கு இப்படி உதவும் என்று யார் கண்டார்கள்.

கடைசி வருஷத்துக்கு நாமாக ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு முழுசாக வடிவமைத்துக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் ஹோட்டல் வரவேற்பறை, சாஃப்ட்வேர் கம்பெனி என்று எடுத்திருக்கிறார்கள். நான் நம் தெருக் கோடியில் இருக்கிற லேடீஸ் பி.ஜி.யை எடுத்தேன். அந்த மாடி வீடுதான், உனக்குத் தெரியும், இப்போது அறைக்கு நாலு கட்டில் போட்டு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். வேலூர், கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை என்று நம் பக்கத்துப் பெண்களே பாதிப் பேர், கால் சென்டரிலும் கம்ப்யூட்டர் கம்பெனியிலும் வேலை பார்க்கிறார்கள். ஒரு மாதம் அவர்களோடு போய்ப் போய் உட்கார்ந்தேன். உங்களுக்கு அறையில் என்ன வேண்டும் என்று கேட்டால் பெரிய கண்ணாடி, நல்ல அலமாரி என்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் கேட்டது உள்ளாடையை யார் கண்ணிலும் படாமல் காயப்போட ஓர் இடம், வீட்டுக்கு ஃபோன் பேசும்போது மற்றவர்களுக்குக் கேட்காமல் அழ ஓர் இடம். நான் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ அங்கே போன புதிதில் எங்கே நின்று பேசினாயோ என்று நினைத்துக்கொண்டேன். அந்த இரண்டு இடத்தையும் பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள் கொண்டுவருவதற்கு எனக்கு ஏழு வரைபடம் ஆயிற்று, ஏழாவது வந்திருக்கிறது தருண், அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது. ஏப்ரல் 22, 23 இரண்டு நாளும் ஜூரி. வெளியிலிருந்து மூன்று பெரிய டிசைனர்கள் வருவார்கள், நம் வரைபடங்களுக்கு முன்னால் நம்மை நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள், அதில் தேறினால்தான் டிப்ளமோ.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிரசவம் ஏப்ரல் பன்னிரண்டு வாக்கில் என்று டாக்டர் சொன்னதாக நீ நவம்பரில் சொன்னாய். அம்மா மார்ச் கடைசியில் வந்து ஆறு மாதம் இருக்கட்டும் என்று கேட்டாய். அப்பா ஃபோனிலேயே, அதுக்கென்னடா, அம்மா வராம வேற யாரு வருவா என்று வாக்குக் கொடுத்துவிட்டார். ஃபோனை வைத்த பிறகுதான் அவருக்கு ஜூரி ஞாபகம் வந்தது. முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்கு ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால். முதல் பேரக் குழந்தை, நீ கேட்டிருக்கிறாய், போகாமல் இருந்தால் நான் என்ன அம்மா. போனால் இந்த வருஷம் போயிற்று, அடுத்த வருஷம் பாடத்திட்டம் மாறுகிறது, மறுபடி முதலிலிருந்து என்றார்கள். நான் பத்து நாள் யோசித்தேன், சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. கடைசியில் படிப்பை நிறுத்திக்கொள்கிறேன் என்று எழுதிக்கொண்டு போய் மேடம் மேஜையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு, இதை டிசம்பர் கடைசி வரைக்கும் நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார். வெளியே வந்தால் ஸ்னேஹா நிற்கிறாள், விஷயம் தெரிந்ததும் என்னோடு பேசவே மாட்டேன் என்று போய்விட்டாள்.

அப்புறம்தான் எனக்கு ஒன்று தோன்றியது. யாரிடமும் சொல்லாமல் மார்க்கெட் போய் ஆனேக்கல் பஸ் ஏறி, தர்ஷினியின் அம்மா வீட்டுக்குப் போனேன். சரளா சம்பந்தி கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைத் தனியாகப் பார்த்ததும் என்னவோ ஏதோ என்று பயந்து, தராசை அப்படியே விட்டுவிட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், காலேஜ், பொய், ஜூரி, ஒன்று விடாமல். இந்த வயதில் இது தேவையா என்று கேட்பார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். அவர்களோ எழுந்து போய்ப் பீரோவைத் திறந்து, பட்டுப் புடவைக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்துக்கொண்டு வந்து என் மடியில் வைத்தார்கள். உள்ளே புத்தம் புதிய பாஸ்போர்ட். தலைச்சன் பிரசவம் பொண்ணப் பெத்தவ பாக்கறதுதான அண்ணி மொற, பொண்ணு உண்டாயிருக்கான்னு சேதி வந்த வாரமே இத எடுக்க எழுதிப் போட்டுட்டன், மாப்ள உங்களக் கூப்பிட்டாருன்னு கேட்டப்ப எனக்கு இங்கிலீஷு வராதுன்னுதான் உட்டுட்டாருபோலன்னு எடுத்து உள்ள வெச்சிட்டன் என்று சொன்னார்கள். இரண்டு பேரும் கடைக்கு வந்தவர்களைக் காக்க வைத்துவிட்டு நன்றாக அழுதோம்.

தருண், உன் மேல் எனக்கு இதில் கோபம் உண்டு, சொல்லிவிடுகிறேன். நீ நல்லதை நினைத்துத்தான் செய்தாய், தனியாக விமானம் ஏறத் தெரியாது, அங்கே யாரிடமும் பேச வராது என்று. ஆனால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டாயா. தர்ஷினியும் அம்மாவைப் பயமுறுத்த வேண்டாம் என்று கேட்காமல் இருந்துவிட்டாள். அந்த அம்மா தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் கடன் கேட்டு வருகிறவனைச் சமாளித்துக் கடை நடத்துகிறவர்கள், உங்கள் ஊரில் நாலு பேரிடம் சைகையில் பேச மாட்டார்களா. அப்பாவும் அவர்களும் சேர்ந்து விசாவுக்கு மனு போட்டாயிற்று. மார்ச் 26ஆம் தேதி சரளா சம்பந்தி வருகிறார்கள். நம் ஏர்போர்ட்டில் நான் ஏற்றிவிடுவேன், சிங்கப்பூரில் விமானம் மாறும் இடத்துக்கு என் கையால் ஒரு வரைபடம் போட்டுக் கொடுக்கப் போகிறேன், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், பாத்ரூம் எங்கே, எல்லாம் அதில் இருக்கும். இப்போது நீ உடனே ஆனேக்கலுக்கு ஃபோன் செய்து, நீங்கள்தான் வர வேண்டும் அத்தை என்று உன் வாயால் கூப்பிடு. நான் சொல்லித்தான் கூப்பிடுகிறாய் என்று காட்டிக்கொள்ளாதே. நான் ஜூரி முடித்து, மே 20 வாக்கில் அப்பாவோடு வருகிறேன், ஜூலை கடைசி வரைக்கும் குழந்தையை நான்தான் குளிப்பாட்டுவேன், அதில் பங்கு கிடையாது. பிறகு நான் வேலையில் சேர வேண்டும். டிராயரில் பூட்டிய அந்தக் கடிதத்தை மேடம் என் கையில் கொடுத்துக் கிழிக்கச் சொன்னார், ஸ்னேஹாவும் பேசிவிட்டாள்.

அப்பா நன்றாக இருக்கிறார். ஃபாக்டரியில் வி.ஆர்.எஸ். வாங்கினதிலிருந்து சமையலில் இறங்கியிருக்கிறார். ரசம் பரவாயில்லை, கூட்டு மட்டும் என்ன காய் என்று கண்டுபிடிக்க முடியாது. நான் வரைந்துகொண்டிருந்தால் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் என் அறைக் கதவை யாரும் தட்டினதில்லை. பாவம், இரண்டரை வருஷமாக உன்னிடம் பொய் சொல்லிச் சொல்லி, எந்தக் கோயில் என்று நீ கேட்டுவிடுவாயோ என்று பயந்தே இளைத்துவிட்டார். அவரைத் திட்டாதே.

இந்தக் கடிதத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். கடைசி வருஷத்தில் வேலை நடக்கும் கட்டடங்களுக்குத் தனியாகப் போய் வர வேண்டும் என்பதால் எல்லாரிடமும் பெற்றோர் அல்லது கார்டியன் சம்மதக் கையெழுத்து வாங்குகிறார்கள். எனக்கு நாற்பத்தேழு வயதாகிறதே என்று ஆபீஸில் கேட்டுப் பார்த்தேன், ரூல்ஸு எல்லாருக்கும் ஒண்ணுதான் மேடம் என்று நீட்டிவிட்டார் கிளார்க். என் அப்பா அம்மா இல்லை. உன் அப்பா பேனாவைத் திறந்துகொண்டு தயாராக வந்தார், நான்தான் தாளை இழுத்துக்கொண்டேன். இது உன்னிடம் அனுமதி கேட்பது இல்லை, ஜூரியில் நான் நிற்கப் போவது நின்றதுதான். ஆனால் உன் ரிப்போர்ட் கார்டு ஒவ்வொன்றிலும், கணக்கில் நீ முப்பத்திரண்டு வாங்கி ஒளித்து வைத்திருந்ததில்கூட, நான்தான் கையெழுத்துப் போட்டேன். என்னுடையதில் நீ போட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. பிப்ரவரி 20க்குள் கொடுக்க வேண்டும், அதனால் கிடைத்த அன்றைக்கே தபாலில் சேர்த்துவிடு, ஆபீஸ் பையில் போட்டு மறந்துவிடாதே.

நீயும் தர்ஷினியும் தீர்க்காயுசாக, பிரசவத்தில் குழந்தையும் தாயும் சுகமாகப் பிரிய, எல்லாச் செல்வமும் பெற்று வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் மனசார ஆசீர்வதிக்கிறோம். கையெழுத்துக்குக் கீழே மாணவருக்கு என்ன உறவு என்று கேட்டு ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அதில் மகன் என்று கொட்டை எழுத்தில் எழுது.

உன் அம்மா,
வனஜா